ஐம்பது வாட் பேனலில் தொடங்கும் கேரியர்

பாய்மரப் படகா, அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பணக்காரர் வருடத்தில் பல மாதம் படகுப் பக்கமே வருவதில்லை. படகு, மரீனா என்னும் படகு நிறுத்தத்தில் கட்டிக்கிடக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரி, யாரும் தொடாமலே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு.

மலேசியாவின் லங்காவியை எடுத்துக்கொள்ளுங்கள். வரியில்லாத் தீவு. ரெபாக், தெலாகா, குவாவில் ராயல் லங்காவி யாட் கிளப் என்று வரிசையாக மரீனாக்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் படகோட்டி வருபவர்களில் பலர், மழைக்காலம் நெருங்கினால் படகை இங்கே பூட்டிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஓனர் ஹாம்பர்க்கில் தூங்குகிறார். படகு வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. புக்கெட், சிங்கப்பூரின் செந்தோசா, துபாய், கொச்சி போல்காட்டித் தீவு மரீனா என எங்கே போனாலும் கட்டிக்கிடக்கும் படகுகளின் கதை ஏறக்குறைய இதேதான்.

இந்தத் தொழிலில் போட்டி இல்லையா? நிறைய உண்டு. ஆனால் பெரிய கான்ட்ராக்டர்கள் ஜெனரேட்டர், ஏசி, லித்தியம் மாற்றம் என்று பெரிய பில்லுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். சின்ன சோலார் பேனலைப் பொருத்தி, பேட்டரியை உயிரோடு வைத்திருக்கும் வேலை அவர்களுக்குச் சில்லறை. அந்தச் சில்லறை வேலைதான் உங்களுக்கான நுழைவாயில். யாரும் மதிக்காத வேலையை எண்களோடு செய்து காட்டுங்கள். பெரிய வேலைக்கு ஆள் தேடும்போது உங்கள் பெயர்தான் முதலில் வரும்.

ஐடிஐ எலெக்ட்ரீஷியன், டிப்ளமா, சோலார் டெக்னீஷியன், யார் வேண்டுமானாலும் வரலாம். கீழே உள்ள பத்தையும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

1. பேட்டரி ஏன் சாகிறது என்பதை ஒரே நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள்

இன்டர்வியூவில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காதீர்கள், புரிந்து சொல்லுங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் தன் சார்ஜை இழக்கும். பழைய, தண்ணீர் ஊற்றும் வகை சாதாரண வெப்பத்தில் மாதம் சுமார் 5 சதவீதம் வரை இழக்கலாம். ஏஜிஎம் வகையில் இழப்பு குறைவு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மூடிக்கிடக்கும் படகின் அடிப்பகுதி வெப்பமண்டலத்தில் எப்படிக் கொதிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாதிச் சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகங்கள் படிந்து இறுகிவிடும். இறுகியதை எந்தச் சார்ஜராலும் முழுசாகக் கரைக்க முடியாது. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியை ஒரு கோடை முழுக்கக் கவனிக்காமல் விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்த வாக்கியம்தான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்: "சார், பேட்டரி செத்தால் போவது பேட்டரிக் காசு மட்டும் இல்லை. பில்ஜ் பம்ப் நின்றுவிடும்." படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் அந்தப் பம்ப் நின்றால், ஒரு சின்னக் கசிவே போதும், படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும். ஓனருக்குப் புரியும் பாஷை இதுதான்.

"கரையிலிருந்து கரண்ட் இழுத்துச் சார்ஜர் போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். இடி மின்னலில் ஜெட்டியின் பிரேக்கர் டிரிப் ஆனால், அதைத் தூக்கிவிட யாரும் படகில் இல்லை. கரைக் கேபிளின் எர்த் வயர் வழியாகப் பக்கத்துப் படகுகளோடு இணைப்பு ஏற்பட்டு, கால்வானிக் ஐசொலேட்டர் இல்லாத படகில் புரொப்பெல்லரும் அடி உலோகங்களும் அரிக்கப்படலாம். கரையைத் தொடாமல் மூரிங் மிதவையில் கட்டிய படகுக்குக் கரைக் கரண்டே கிடையாது. சின்ன பேனல் இதில் எதற்கும் காத்திருக்காமல் சூரியன் எழுந்ததும் வேலையைத் தொடங்கிவிடும்.

2. வாயால் சொல்லாதீர்கள், கணக்கு போட்டுக் காட்டுங்கள்

"50 வாட் போதும் சார்" என்பவனை யாரும் நம்பமாட்டார்கள். அரைப் பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுப்பவனை நம்புவார்கள்.

ஓர் உதாரணம். 36 அடிப் படகு, 200 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் பேட்டரி பேங்க், ஆள் இல்லாமல் ஆறு மாதம். தானாக இழக்கும் சார்ஜ் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவருக்குள். கேஸ் அலாரம், ஸ்டீரியோ மெமரி போன்ற சில்லறைகள் 50 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2. பில்ஜ் பம்ப் 4 ஆம்பியர். மழை நாளில் அரை மணி நேரம் ஓடினால் 2. மொத்தம் 4 ஆம்பியர்-அவரைத் தாண்டாது.

இப்போது வரவு. லங்காவி பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 டிகிரியில் இருக்கிறது. பகல் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். படுக்கையாக வைத்த 50 வாட் பேனல், வெப்பம், அழுக்கு, கொஞ்சம் நிழல் எல்லாம் கழித்து, நல்ல வெயில் நாளில் 10 முதல் 12 ஆம்பியர்-அவர் தரும். கருமேக நாளில் அதில் கால்பங்கு. இரண்டு மூன்று இருண்ட நாள் தொடர்ந்து வந்தாலும் அடுத்த வெயிலில் சரியாகிவிடும்.

அதே படகில் ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் போனால்? வெப்பமண்டலத்தில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஆம்பியர்-அவர் தின்னும். உங்கள் 50 வாட் பேனல் தோற்றுவிடும். ஆகவே முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "போகும்போது எதையெல்லாம் ஆனில் விட்டுப் போவீர்கள்?" கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

3. ஐந்து அளவுகள், ஒரே ஒழுங்கில்

வேலைக்கு எடுக்கும் முன் வைக்கும் ட்ரையலில் உங்களிடம் தருவது பெரும்பாலும் "சோலார் வேலை செய்யவில்லை" என்ற படகாகத்தான் இருக்கும். கண்டதையும் கழற்ற ஆரம்பிப்பவன் அங்கேயே அவுட். மல்டிமீட்டரை எடுத்து இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பேட்டரி முனைகளில் நேராக வோல்ட்டேஜ். பல மணி நேரம் சார்ஜும் லோடும் இல்லாமல் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0-க்குக் கீழே போனால் ஆபத்து. வெயில் அடிக்கும்போது எடுத்த 13.5-ஐப் பார்த்து "பேட்டரி சூப்பர்" என்று சொல்லாதீர்கள். அந்த எண் சார்ஜர் தருவது.

இரண்டாவது, பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் அதே அளவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் ஃபியூஸோ லக்கோ வயரோ போயிருக்கிறது.

மூன்றாவது, கன்ட்ரோலரின் பேனல் முனைகள். பூஜ்யம் காட்டினால் கனெக்டர் அல்லது கேபிள். 20 வோல்ட்டுக்கு மேல் காட்டி, கரண்ட் ஓடாமல் இருந்தால், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும் அல்லது கன்ட்ரோலர் மண்டையைப் போட்டிருக்க வேண்டும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலராக இருந்து, பேனல் முனையிலும் பேட்டரி வோல்ட்டேஜே வருகிறதென்றால் பதறாதீர்கள், சார்ஜ் ஏறும்போது அது இயல்பு.

நான்காவது, கிளாம்ப் மீட்டரில் கரண்ட். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசியை மட்டுமே அளக்கும். டிசி அளக்கும் மீட்டர் உங்கள் சொந்த முதலீடு. கடன் வாங்கிய மீட்டரோடு ட்ரையலுக்குப் போகாதீர்கள்.

ஐந்தாவது, கரண்டைப் பார்த்துக்கொண்டே பேனலின் ஒரு மூலையைக் கையால் மறையுங்கள். எண் எப்படிச் சரிகிறது என்று ஓனரையே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்துவரும் நிழல் பேச்சுக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

4. கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனே டெக்னீஷியன்

"12 வோல்ட்" பேனல் என்று விற்பதில் பொதுவாக 36 செல்கள் தொடராக இருக்கும். அதிகபட்ச பவர் தருவது சுமார் 18 வோல்ட்டில். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் அதைப் பேட்டரி வோல்ட்டேஜுக்கு இழுத்துவிடும். 50 வாட் பேனலின் 2.8 ஆம்பியர், 13 வோல்ட்டில் வெறும் 36 வாட். எம்பிபிடி கன்ட்ரோலர் அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை மீட்டுத் தரும், விலையும் கூடும். பேட்டரியைப் பராமரிக்க மட்டும் 20 வாட் வைத்தால் பிடபிள்யூஎம் போதும். 50-க்கு மேல் போனால், அல்லது ஓனர் பிறகு பேனல் கூட்டுவார் என்று தெரிந்தால், எம்பிபிடி சொல்லுங்கள்.

மரீனாக்களில் அதிகம் கண்ணில் படும் பிராண்டுகளில் ஒன்று நெதர்லாந்தின் விக்ட்ரான். அதன் ஸ்மார்ட்சோலார் 75/15 மாதிரியில் 75 என்பது பேனல் பக்கம் தாங்கும் அதிகபட்ச வோல்ட்டேஜ், 15 என்பது பேட்டரிக்குப் போகும் ஆம்பியர். ப்ளூடூத்தில் ஃபோனிலேயே முப்பது நாள் பதிவைப் பார்க்கலாம். அதற்கான விக்ட்ரான் ஆப்பை இன்றே டவுன்லோட் செய்யுங்கள். டெமோ டேட்டா உள்ளே இருக்கிறது, கருவி கையில் இல்லாமலே பழகலாம்.

விரல் நுனியில் இருக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது நேர் எதிர். இரண்டு, பேட்டரி வகையைச் செட்டிங்கில் மாற்றாமல் படகை விட்டு இறங்காதீர்கள். ஜெல்லுக்கும் ஏஜிஎம்முக்கும் லித்தியத்துக்கும் வோல்ட்டேஜ் வேறு வேறு. மூன்று, வெப்பத் திருத்தம். 25 டிகிரியில் 14.4 வோல்ட் என்றால், 40 டிகிரியில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரிக்கு அது சுமார் 14.0 ஆக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தண்ணீர் வற்றும். பேட்டரியைக் காப்பாற்றப் போட்ட பேனலே அதைக் கொல்லும்.

5. மெயின் சுவிட்சுக்கு எந்தப் பக்கம்?

இது ஒன்றுக்காகவே தனிப் பத்தி. படகைப் பூட்டும் ஓனர் கடைசியாகச் செய்வது மெயின் பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்வது. கன்ட்ரோலரின் வெளியீட்டை அந்தச் சுவிட்சுக்கு அப்பால், லோடு பக்கத்தில் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? பேனல் மின்னும், பச்சை லைட் எரியும், பேட்டரிக்கு ஒரு துளி போகாது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் ஓனர் 9 வோல்ட்டைப் பார்த்துத் திட்டுவது கடைசியாகப் படகில் ஏறிய ஆளைத்தான்.

ஆகவே சோலார் வெளியீடு, பில்ஜ் பம்ப் இரண்டுமே சுவிட்சுக்கு முன்னால், பேட்டரிப் பக்கத்தில், தனித்தனி ஃபியூஸோடு. ஓனர் எதிரிலேயே சுவிட்சை ஆஃப் செய்து, பம்பின் ஃப்ளோட் சுவிட்சைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுவதைக் காட்டுங்கள். பிறகு கிளாம்ப் மீட்டரில் சார்ஜ் கரண்டைக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் அவர் நிம்மதியாக விமானம் ஏறுவார்.

எஞ்சின் ஸ்டார்ட் பேட்டரி தனியாக இருந்தால் அதையும் மறக்காதீர்கள். இரண்டு வெளியீடு உள்ள கன்ட்ரோலர் போடலாம். அல்லது வோல்ட்டேஜ் 13.3 அளவுக்கு ஏறும்போது இரண்டு பேங்கையும் இணைத்து, இறங்கும்போது பிரித்துவிடும் ரிலே போடலாம்.

6. நிழலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வீட்டு மொட்டை மாடியில் சோலார் போட்ட அனுபவம் இங்கே பாதிதான் உதவும். படகில் மாஸ்ட், பூம், கயிறுகள் என நிழல் தரும் சாமான்கள் ஏராளம். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு செல்லின் மேல் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் முடக்கும். பைபாஸ் டயோடு கொஞ்சம் காப்பாற்றும், முழுக்க அல்ல. பரப்பில் பத்தில் ஒரு பங்கு மறைந்தால் பவரில் பத்தில் ஒரு பங்குதான் போகும் என்று நினைப்பவன் படகில் பேனல் போட்டதில்லை என்று அர்த்தம்.

அதனால் ஒரு பெரிய பேனலைவிட, இரண்டு சின்ன பேனல்களை இடது, வலது ரெயில்களில் வைத்துப் பேரலலாக இணைப்பது பல படகுகளுக்குப் பொருந்தும். ஒன்று நிழலில் போனாலும் மற்றது வேலை செய்யும். கட்டிக்கிடக்கும் படகில் பூமைக் கயிற்றால் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினாலே நிழல் விலகும். ஒரு காசு செலவில்லாத இந்த யோசனை, புது பேனல் விற்பதைவிட உங்கள் மேல் மரியாதையைக் கூட்டும்.

வளையும் மெல்லிய பேனல்களில் ஜாக்கிரதை. துணிக் கூரையில் தைக்கலாம், டெக்கில் ஒட்டலாம், பார்க்க அழகு. ஆனால் அடியில் காற்றோட்டம் இல்லாததால் சூடேறும். சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனல் சுமார் 0.4 சதவீத பவரை இழக்கும். ஆயுளும் கண்ணாடிப் பேனல் அளவுக்கு வராது. ஓனர் அழகைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் இந்த விவரத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

7. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை சுத்தம்

படகு எலெக்ட்ரிக்கலில் தரம் என்பது பேனலுக்கு அடியில் இருக்கிறது. உப்புக் காற்றில் சாதாரணச் செம்பு வயர் உள்ளுக்குள் கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய மரீன் வயர் மட்டும் வாங்குங்கள். அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பின் இ-11 தரமும் ஐஎஸ்ஓ 13297 தரமும் இந்தத் துறையின் அகர முதல். இ-11 படி பேட்டரியிலிருந்து கிளம்பும் வயருக்கு, சில விதிவிலக்குகள் தவிர, 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். "சார், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது பேனலைக் காப்பாற்ற இல்லை, பேட்டரி வயரை எரிக்காமல் இருக்க" என்று விளக்கத் தெரிந்தால் படகைச் சோதிக்க வரும் சர்வேயரே திரும்பிப் பார்ப்பார்.

வயர் தடிமனையும் கணக்கோடு சொல்லுங்கள். பேனலிலிருந்து கன்ட்ரோலர் 8 மீட்டர். போய் வர 16 மீட்டர். 3 ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மில்லிமீட்டர் வயர் 0.84 வோல்ட்டை விழுங்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.34. 18 வோல்ட்டில் இது 2 சதவீதத்துக்குள். விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசு.

டெக்கில் ஓட்டை போடும் வேலைதான் உண்மையான பரீட்சை. பல ஃபைபர்கிளாஸ் டெக்குகளுக்கு நடுவில் பால்சா மரம் இருக்கும். நேராகத் துளைத்து, சீலண்ட் பூசி, கேபிளைச் செருகிவிட்டால், சில வருடத்தில் தண்ணீர் இறங்கி மரம் அழுகும். சரியான முறை: தேவையைவிடப் பெரிதாகத் துளையுங்கள், ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுங்கள், எபாக்ஸி ஊற்றி நிரப்புங்கள், இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். கேபிள் கிளாண்டுக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், சொட்டும் தண்ணீர் அங்கேயே விழட்டும். முடிந்தால் டெக்கைத் தொடவே வேண்டாம், செங்குத்துச் சுவரில் நுழையுங்கள்.

கனெக்டரில் ஒரு பிராண்டின் ஆணையும் வேறு பிராண்டின் பெண்ணையும் சேர்க்காதீர்கள், பொருந்துவதுபோல் தெரிந்தாலும் சூடேறும். லக்குகளை ராட்செட் கிரிம்பரால் அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்கால் மூடுங்கள். இடுக்கியால் நசுக்கிய லக் ஒன்றை ஓனர் பார்த்துவிட்டால், நீங்கள் செய்த நல்ல வேலை எல்லாம் அவர் கண்ணில் படாது.

8. படகில் ஏறும் விதத்திலேயே பாதி வேலை முடிவாகிறது

ஓனருக்குப் படகு வீடு. ஆள் இருக்கும் படகில் கூப்பிடாமல் காலை வைக்காதீர்கள். ஜெட்டியில் நின்று குரல் கொடுங்கள், "ஏறலாமா?" என்று கேளுங்கள். செருப்பை ஜெட்டியிலேயே விட்டுவிடுங்கள். தேக்கு டெக்கில் ஒரு கிரீஸ் தடம் பட்டால் அதுதான் உங்கள் விசிட்டிங் கார்டு. டூல்ஸை இரும்புப் பெட்டியில் தூக்கிப் போகாதீர்கள், துணிப் பையில் கொண்டுபோங்கள். கீழே ஒரு பழைய துண்டை விரித்துத்தான் வேலையைத் தொடங்குங்கள். மோதிரம், இரும்பு வாட்சைக் கழற்றி வையுங்கள்; பேட்டரி முனைகளுக்கு நடுவே மோதிரம் பட்டால் விரல் போகும்.

"எஸ் சார், ஓகே சார்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். புரியாவிட்டால் "இன்னொரு முறை காட்டுங்கள்" என்று கேளுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல. தலையாட்டிவிட்டுத் தப்பாகச் செய்வதுதான் மரியாதைக் குறைவு.

சீனியர் டெக்னீஷியன் தமிழராக இருந்தால் அண்ணே என்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்வது சுலபம். ஒட்டிக்கொள்ளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய கஸ்டமரின் நம்பரைத் திருட்டுத்தனமாக வாங்காதீர்கள். மரீனா சின்ன ஊர். மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

9. ரிப்போர்ட்டால் பெயர் வாங்குங்கள், "முடியாது" என்று சொல்லிக் காப்பாற்றுங்கள்

ஓனர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: பேட்டரி எப்படி இருக்கிறது? உங்கள் போட்டியாளர் அனுப்பும் பதில்: "எவ்ரிதிங் ஓகே சார்." நீங்கள் அனுப்ப வேண்டியது இப்படி:

"காலை 7 மணி, பேனலில் வெயில் விழும் முன். ஹவுஸ் பேங்க் 12.75, ஸ்டார்ட் பேட்டரி 12.7. நேற்று பேனல் தந்தது 60 வாட்-அவர், பிற்பகலில் சார்ஜிங் ஃப்ளோட் நிலைக்குப் போய்விட்டது. பில்ஜ் ஃப்ளோட்டைத் தூக்கிப் பார்த்தேன், பம்ப் ஓடியது, அடியில் தண்ணீர் இல்லை. பேனலில் பறவை எச்சம் இருந்தது, கழுவினேன். ஒரு லக்கில் பச்சை பூத்திருக்கிறது, அவசரம் இல்லை, அடுத்த மாதம் மாற்றலாம். படங்கள் நான்கு."

இதில் மூன்று விஷயம் நடக்கிறது. ஓனர் நிம்மதியாகிறார். பேனல் தந்தது 60 வாட்-அவர்தானே என்று அவர் பயப்படாமல், பேட்டரி நிறைந்ததால்தான் குறைவாக வாங்கியது என்று ஃப்ளோட் என்ற ஒரே சொல் விளக்கிவிடுகிறது. கூடவே அடுத்த மாத வேலையும் உறுதியாகிறது. ரிப்போர்ட் எழுதுவது கஸ்டமர் சர்வீஸ் மட்டும் இல்லை, சேல்ஸும்தான்.

பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வை என்று ஒருநாள் ஓனர் கேட்பார். அன்று உங்கள் தரம் தெரியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வோல்ட்டேஜை வைத்துச் சார்ஜ் நிலையைச் சொல்ல முடியாது. கரண்டை எண்ணும் ஷன்ட் வேண்டும். லித்தியம் வெறிகொண்டு கரண்ட் இழுக்கும், எஞ்சினின் ஆல்டர்னேட்டர் சூடேறிப் புகையலாம். பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு போகலாம். டிசி-டிசி சார்ஜர், சரியான ஃபியூஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சம்மதம் எல்லாம் தேவை. இவை கையில் இல்லாமல் "செய்துவிடலாம் சார்" என்றால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். "இது எனக்கு அடுத்த லெவல் வேலை, தெரிந்தவரோடு சேர்ந்து செய்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த வேலையில் உதவியாளாக நுழையுங்கள். அடுத்த முறை நீங்களே செய்வீர்கள்.

10. பேப்பர், பணம், பயணம்

ஐடிஐ எலெக்ட்ரீஷியன் சான்றிதழ் அடித்தளம். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் சூர்யமித்ரா பயிற்சி போன்றவை சோலார் பக்கத்தை உறுதிப்படுத்தும். யாட் துறைக்குள் ஏபிஒய்சியின் மரீன் எலெக்ட்ரிக்கல் சர்டிஃபிகேட் எடை கூடியது. செலவு டாலரில், ஆகவே வேலையில் சேர்ந்து சம்பாதித்த பிறகு எழுதுங்கள். டிப்ளமா அல்லது டிகிரி உள்ளவர்களுக்கு வேறொரு ஏணியும் உண்டு: கப்பல்களில் எலெக்ட்ரோ-டெக்னிக்கல் ஆபீசர். கடலோடிகளின் பயிற்சி, தகுதி பற்றிய எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தங்களில் முறையாக வந்த பதவி அது. பெரிய யாட்களிலும் அந்தத் தகுதிக்கு மதிப்பு உண்டு.

வெளிநாடு போவதாக இருந்தால், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டா என்று பாருங்கள். சேவைக் கட்டணமாக ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் ரூ.30,000, அதன் மேல் ஜிஎஸ்டி. லட்சம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் மரீனாவில் வேலை தேடலாம் என்பவர் உங்கள் நண்பர் அல்ல. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான்.

சொந்தமாகச் செய்யும் நிலை வந்ததும் விலையைப் பிரித்துப் போடுங்கள்: பொருள் தனி, கூலி தனி, மாதப் பார்வை தனி. ஒருமுறை பேனல் பொருத்துவதில் வரும் லாபம் ஒருநாள் லாபம். மாதாமாதம் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம்தான் வருமானம். விலையைக் குறைத்துப் போட்டிக்கு நிற்காதீர்கள். உங்களைவிடக் குறைவாகக் கேட்க ஒருவன் எப்போதும் இருப்பான். அவனிடம் இல்லாதது உங்கள் ரிப்போர்ட்.

இனி மூன்று மாதத் திட்டம். முதல் மாதம்: 20 வாட் பேனல், சின்ன கன்ட்ரோலர், யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, ஒரு எல்இடி பல்பு. மொட்டை மாடியில் பொருத்துங்கள். காலையும் மாலையும் வோல்ட்டேஜ், கரண்ட், வானிலையை நோட்டில் எழுதுங்கள். நிழலை வேண்டுமென்றே உண்டாக்கி அளந்து பாருங்கள். இரண்டாம் மாதம்: கிரிம்ப், ஹீட் ஷ்ரிங்க், கிளாண்ட் பயிற்சி, ஒரு பக்க வயரிங் வரைபடம் வரையக் கற்றல், மேலே சொன்ன ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் தடங்கலின்றி எழுதுதல். மூன்றாம் மாதம்: கொச்சி மரீனாவிலோ, சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பிலோ அனுமதி கேட்டு, யாருடைய படகிலாவது பேட்டரி செக்கப் செய்து தர முன்வாருங்கள். முதல் படகுக்குக் காசு கேட்காதீர்கள், எழுத்தில் ஒரு பரிந்துரை கேளுங்கள். இரண்டாவது படகிலிருந்து காசு கேளுங்கள்.

உங்கள் பயோடேட்டாவில் "ஹார்டு வொர்க்கிங், டீம் பிளேயர்" என்ற வரிகளை அழித்துவிட்டு, அந்த நோட்டின் இரண்டு பக்கத்தையும் வயரிங் வரைபடத்தையும் இணைத்து அனுப்புங்கள். படித்துப் பார்க்கிற மேனேஜர் கேட்கப்போவது ஒன்றுதான்: எப்போது சேர முடியும்? தேதியை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருங்கள்.